பயத்தின் அளவு

"யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

ஹெர்பீஸ் என்று தெரிந்ததும் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். குணமாகுமா, என்ன மாத்திரை, எத்தனை நாள் என்பதெல்லாம் அப்புறம்தான். டைபாய்டு வந்தவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. தண்ணி சரியில்ல, வெளிய சாப்பிட்டது ஒத்துக்கல என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விடுவோம். டைபாய்டும் ஒரு மனித உடம்பிலிருந்து கிளம்பித்தான் இன்னொரு மனித உடம்புக்கு வருகிறது. ஆனால் அந்த மனிதர் யார் என்று நாம் தேடுவதில்லை. ஹெர்பீஸுக்கு மட்டும் ஒரு முகம் வேண்டும். பெயர் வேண்டும். முடிந்தால் தேதியும் வேண்டும்.

பார்க்க மருத்துவக் கேள்வி போல இருந்தாலும் இது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி. அதனாலேயே தப்பான கேள்வி என்று சொல்ல வரவில்லை. ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போகிற எதிலும் அறம் சார்ந்த கேள்விகள் இருக்கத்தான் செய்யும். தெரிந்தவர் சொல்ல வேண்டுமா? தெரியாமல் கொடுத்தவர் குற்றவாளியா? கேட்டுக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும்? எல்லாமே கேட்க வேண்டியவை. ஆனால் அதற்கு முன்னால் இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவுவதில்லை என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கேட்டால் விசாரணை பஞ்சாயத்தாகிவிடும்.

*

ஹெர்பீஸ் என்ற சொல்லுக்கு கிரேக்க மொழியில் ஊர்வது என்று வேர்ப்பொருள். தோலில் ஊர்ந்து பரவுகிற பலவகைப் புண்களைப் பழைய கிரேக்க வைத்தியர்கள் இந்தப் பெயரால் அழைத்தார்கள். நம் வீடுகளில் உதட்டோரம் கொப்புளம் வந்தால் "பூச்சி ஏதாச்சும் ஊர்ந்திருக்கும்" என்பார்கள், இல்லையென்றால் "உடம்பு சூடு" என்பார்கள். ஊர்வது என்கிற பார்வை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்று ஹெர்பீஸ் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வைரஸ்களைச் சொல்கிறோம். எச்.எஸ்.வி.-1 பெரும்பாலும் வாயைச் சுற்றி வருவது. எச்.எஸ்.வி.-2 பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியில் வருவது, உடலுறவு வழியாகப் பரவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறக்குறைய 380 கோடிப் பேருக்கு முதல் வகை இருக்கிறது. அதாவது மூன்றில் இரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவு. 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களில் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. கொப்புளம் வந்திருக்கவே வந்திருக்காது, அல்லது வந்தும் அது வேறு ஏதோ என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள்.

உள்ளே நுழைந்த வைரஸ் தோலோடு நிற்பதில்லை. நரம்பு வழியாக ஏறிப் போய் ஒரு நரம்பு முடிச்சில் தங்கிவிடுகிறது. முகத்தில் நுழைந்தது மண்டையோட்டின் அடியில் உள்ள முடிச்சிலும், இடுப்புக்குக் கீழே நுழைந்தது முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள முடிச்சிலும் குடியேறும். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், மன அழுத்தம் என்று ஏதோ ஒன்று தூண்டும்போது வந்த நரம்பு வழியாகவே திரும்பி இறங்கி, அதே பகுதியில் தலைகாட்டும். ஆயுளுக்கும் உடம்பைவிட்டுப் போகாது. பெரும்பாலோருக்கு ஆயுளைக் குறைக்கவும் செய்யாது.

பரவுவது எப்படி? தோலோடு தோல், சவ்வோடு சவ்வு உரசும்போது. கொப்புளத்தின் நீரில் வைரஸ் மிக அதிகம், எச்சிலிலும் இருக்கும். முத்தம், வாய்வழி உறவு, உடலுறவு ஆகியவை முக்கியமான வழிகள். வாயில் உள்ள முதல் வகை வாய்வழி உறவின் மூலம் பிறப்புறுப்புக்குப் போக முடியும். இந்த வைரஸுக்கு உடலுறவுதான் வேண்டும் என்றும் இல்லை, உரசல் போதும். 1989-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பள்ளி மாணவர்களுக்கான ஒரு மல்யுத்தப் பயிற்சி முகாமில் கலந்துகொண்ட 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் வந்தது. முகத்தோடு முகம், கழுத்தோடு கழுத்து உராய்ந்து மல்லுக்கட்டியதில் வந்தது அது. கையுறை போடாத காலத்தில் பல் மருத்துவர்களுக்கு விரல் நுனியில் வந்திருக்கிறது.

ஒழுக்கப் பஞ்சாயத்தை மொத்தமாகக் குழப்பிவிடுகிற விஷயம் இனிமேல்தான் வருகிறது. கொப்புளம் இல்லாத நாட்களிலும் இந்த வைரஸ் தோலில் கசியும். எச்.எஸ்.வி.-2 உள்ளவர்களிடம் தினமும் மாதிரி எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. கொப்புளம் வந்த அனுபவம் உள்ளவர்களிடம் சுமார் 20 சதவீத நாட்களில் வைரஸ் தென்பட்டது. இதுவரை எந்த அறிகுறியுமே வராதவர்களிடமும் சுமார் 10 சதவீத நாட்களில் தென்பட்டது. புண் இருக்கும்போதுதான் ஆபத்து மிக அதிகம். ஆனால் புண் இல்லாத நாளில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது.

இனி, பரவாதது எப்படி? கழிப்பறை இருக்கையில் பரவாது. நீச்சல் குளத்தில் பரவாது. படுக்கை விரிப்பு, சோப்பு, துண்டு, தட்டு, டம்ளர் இவற்றைத் தொடுவதால் வராது. இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. அந்த உறை காய்ந்தால் வைரஸ் செயலிழந்துவிடும். அதற்கு வேண்டியது ஈரமும் சூடும் உள்ள உயிருள்ள தோல். பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. கைகுலுக்கினால் வராது. ஒரே வீட்டில் இருந்தால் வராது. ஒரே பந்தியில் சாப்பிட்டால் வராது.

*

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். யார்கிட்ட இருந்து வந்துச்சு?

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆன ஒரு கணவன் மனைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மனைவிக்குப் பிறப்புறுப்பில் கொப்புளம். மருத்துவர் ஹெர்பீஸ் என்கிறார். வீட்டுக்கு வரும் வழியிலேயே இரண்டு பேர் மனசிலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அவருக்கு, "இவளுக்கு எங்கேயிருந்து?" இவருக்கு, "அந்த மனுஷன் எங்க போயிட்டு வந்தாரு?"

ஆனால் நடந்திருக்கக்கூடியவை எத்தனை! கல்யாணத்துக்கு முன்பே அவர் உடம்பில் இருந்து, எந்த அறிகுறியும் காட்டாமல், இந்த எட்டு வருஷத்தில் ஏதோ ஒரு நாள் மனைவிக்கு வந்திருக்கலாம். மனைவியின் உடம்பிலேயே பத்து வருஷமாகத் தூங்கி, இப்போது ஒரு காய்ச்சலில் முதல் தடவையாக விழித்திருக்கலாம். கணவருக்குச் சின்ன வயசில் அத்தையோ பாட்டியோ கொடுத்த முத்தத்தில் உதட்டுக்கு வந்த முதல் வகை, வாய்வழியாக இப்போது இடம் மாறியிருக்கலாம். துரோகமும் நடந்திருக்கலாம், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கொப்புளத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது. ரத்தப் பரிசோதனை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பரிசோதனை தவறாக இருக்கிறது என்று காட்டிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு.

குற்றம் என்று சொல்வதற்கு மூன்று விஷயம் வேண்டும். செய்தது இவர்தான் என்ற தொடர்பு, செய்யும்போது இருந்த அறிவு, தவிர்த்திருக்கலாம் என்கிற வாய்ப்பு. ஹெர்பீஸ் பெரும்பாலான நேரங்களில் இந்த மூன்றையும் நம் கையில் தராது. தராத இடத்திலும் தீர்ப்பு மட்டும் நிற்பதில்லை. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் யார் தலையில் விழும் என்பதும் நமக்குத் தெரியும். எச்.எஸ்.வி.-2 பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போவதைவிட ஆணிடமிருந்து பெண்ணுக்கு எளிதாகப் போகிறது. அதனால்தான் உலகம் முழுக்கப் பெண்களிடம் அது அதிகம். உடம்பு ஒரு பக்கம் அவள்மேல் பாரத்தை ஏற்றுகிறது. ஊர் இன்னொரு பக்கம் பழியை ஏற்றுகிறது.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. குழந்தையின் உதட்டுக்கு எச்.எஸ்.வி.-1 பாட்டியின் முத்தத்திலிருந்து வந்தால் யாரும் பாட்டியைக் கூண்டில் ஏற்றுவதில்லை. அதே வைரஸ், அதே மாதிரி ஓர் அன்பின் தொடுகையில், இருபது வருஷம் கழித்து இரண்டடி கீழே வந்தால் அது நடத்தை பற்றிய சான்றிதழ் ஆகிவிடுகிறது. வைரஸ் மாறவில்லை. மாறியது இடம் மட்டும்தான்.

*

அப்படியானால் யாருக்கும் பொறுப்பே இல்லையா? அங்கேயும் போக முடியாது.

தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் முன்வைத்த ஓர் உதாரணம் இங்கே உதவும். ஒரு லாரி ஓட்டுநர், தன் தவறு எதுவுமே இல்லாமல், குறுக்கே ஓடிவந்த ஒரு குழந்தையை மோதிவிடுகிறார். சட்டப்படி அவர் குற்றமற்றவர். ஆனால் அவர் "என் தப்பு இல்லையே" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு வரும் வருத்தத்துக்கும் ஓட்டியவருக்கு வரும் வருத்தத்துக்கும் வித்தியாசம் உண்டு. அதைக் குற்றவுணர்ச்சி என்று சொல்ல முடியாது. தன் கை வழியாக நடந்துவிட்டதே என்கிற கனம் அது. தெரியாமல் ஹெர்பீஸைக் கடத்தியவருக்கு உரியது இந்தக் கனம்தான். தண்டனை அவருக்கு உரியதல்ல. அவரைக் குற்றவாளி என்பது பொய். அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதும் பொய்.

தெரிந்தவரின் நிலைமை வேறு. இங்கே ஓர் அநியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஒரே மாதிரி வாழ்ந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கொப்புளம் வருகிறது, மருத்துவரிடம் போகிறார், தெரிந்துகொள்கிறார். இன்னொருவருக்கு எதுவும் வருவதில்லை. இரண்டு பேர் உடம்பிலும் வைரஸ் உண்டு, இரண்டு பேரும் பரப்பக்கூடியவர்கள். ஆனால் சொல்ல வேண்டிய கடமை, கூச்சம், நிராகரிக்கப்படும் பயம் எல்லாம் முதலாமவர் தலையில் மட்டும் விழுகிறது. இரண்டாமவர் நிம்மதியாகத் தூங்குகிறார். தெரிந்துகொண்டதற்கு அபராதம் மாதிரி இருக்கிறது இது.

அப்போ தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாமே என்று தோணும். 1877-இல் டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவருக்கு உண்டு. அந்தச் சந்தேகத்தைத் தானே சமாதானம் சொல்லி அமுக்கிவிட்டு, முழு நம்பிக்கையோடு பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்கினாலும் மூழ்காவிட்டாலும் அவர் குற்றவாளிதான், ஏனென்றால் அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். அடிக்கடி அதே இடத்தில் கொப்புளம் வந்தும் "சூடுதான், இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்பவர் இந்தக் கப்பல் முதலாளிக்குச் சொந்தக்காரர்.

ஆனால் எந்த அறிகுறியும் இல்லாதவர் அப்படியல்ல. அவரிடம் அமுக்குவதற்கு ஒரு சந்தேகமே இல்லை. அறிகுறி இல்லாதவர்களைப் பிறப்புறுப்பு ஹெர்பீஸுக்காகப் பொதுவாகப் பரிசோதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2023-இலும் சொல்லியிருக்கிறது. பரிசோதனையின் துல்லியக் குறைவும், தவறான முடிவு தரும் மனவேதனையும் அதற்குக் காரணம். எனவே தெரியாமை எல்லாம் ஒரே ரகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்ட தெரியாமை ஒன்று. பார்ப்பதற்கு எதுவும் இல்லாத தெரியாமை இன்னொன்று. முதலாவதுக்கு மட்டும்தான் நாம் கணக்குக் கேட்க முடியும்.

*

தெரிந்தவர் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் என்பவர்களின் வாதம் லேசானதல்ல. இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒன்று. பெரும்பாலோருக்குப் பெரிய கெடுதல் செய்யாதது. சொன்னால் கிடைக்கப்போகும் தண்டனையோ நோயைவிடப் பல மடங்கு பெரியது. நிச்சயதார்த்தம் நிற்கும், ஊர் முழுக்கப் பேச்சு பரவும், வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். வைரஸைவிட வேகமாகப் பரவுவது வதந்திதான். அப்படி இருக்கும்போது உண்மையைச் சொல் என்பது, போய் அடி வாங்கிக்கொண்டு வா என்று சொல்வதற்குச் சமம் இல்லையா?

இதை நன்றாக யோசித்த பிறகும், உடலுறவுக்கு முன் சொல்லத்தான் வேண்டும் என்றே நினைக்கிறேன். முதல் காரணம், சம்மதம். ஒருவர் தன் உடம்பைத் தரும்போது எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக "இது சின்ன விஷயம்தான்" என்று முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. அவர் உடம்பில் அது சின்ன விஷயமாக இல்லாமலும் போகலாம். எச்.எஸ்.வி.-2 இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதல் தடவையாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் ஆபத்து அதிகம். பச்சிளம் குழந்தைக்கு ஹெர்பீஸ் அபூர்வம்தான், உலக அளவில் லட்சம் பிறப்புக்குப் பத்து. ஆனால் வந்தால் உயிரைக் கூட எடுக்கும். உதட்டில் கொப்புளத்தோடு போய்ப் பிறந்த குழந்தையைக் கொஞ்சுவது கூடாது என்பதும் இதனால்தான். கூச்சமில்லாமல் எல்லோரிடமும் சொல்ல வேண்டியது இது: "உதட்டுல புண்ணு இருக்கு, குழந்தைக்கு முத்தம் குடுக்க மாட்டேன்." அந்த வீட்டில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது காரணம், சொல்வது பலன் தருகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், துணைவர் தனக்கு ஹெர்பீஸ் இருப்பதைச் சொல்லியிருந்தவர்களுக்குத் தொற்று வர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 270 நாட்கள். சொல்லாதவர்களிடம் அது 60 நாட்கள். சொல்வதால் வைரஸின் குணம் மாறிவிடாது. இரண்டு பேரும் சேர்ந்து கவனமாக இருக்க முடிகிறது, அவ்வளவுதான். கொப்புளம் வரும்போதும் அதற்கு முன் அந்த இடத்தில் எரிச்சல் தொடங்கும்போதும் உறவைத் தவிர்ப்பது, மற்ற நாட்களில் ஆணுறை, தேவைப்பட்டால் தினசரி மாத்திரை. ஆணுறை எல்லாத் தோலையும் மூடுவதில்லை என்பதால் ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுக்கத் தடுக்காது. 2004-இல் வெளியான ஒரு சோதனையில், ஒருவருக்கு மட்டும் எச்.எஸ்.வி.-2 இருந்த 1,484 தம்பதிகளில், தினமும் வாலாசைக்ளோவிர் எடுத்தபோது மற்றவருக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எட்டு மாதத்தில் மாத்திரை எடுத்தவர்களின் துணைவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களின் துணைவர்களில் 3.6 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது.

நீதிமன்றங்களும் இதைத் தொட்டிருக்கின்றன. தெரிந்தும் மறைத்துப் பரப்பியவர்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்று 1984-இல் கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. இங்கிலாந்தில் ஒருவருக்கு இதற்காகப் பதினான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2014-இல் மேல்முறையீட்டில் குற்றம் உறுதியானாலும் தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. நீதிபதிகளுக்கே இந்தக் குற்றத்தின் எடை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கச் சிரமமாக இருந்திருக்கிறது. எனக்கு இதில் சட்டத்தின்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. சிறை என்று வந்தால் ஆட்கள் பரிசோதனைக்கே போக மாட்டார்கள். தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்றாகிவிடும். கப்பல் முதலாளிகளைச் சட்டமே உற்பத்தி செய்யும்.

*

இதுவரை சொல்பவரின் கடனைப் பற்றிப் பேசினோம். கேட்பவருக்கும் ஒரு கடன் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேட்பவரின் கடன் சரியான அளவில் பயப்படுவது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறிவீனம், அதற்கு அஞ்சுவதுதான் அறிவுடையவர் வேலை என்கிறார் வள்ளுவர். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவது என்ன என்பதையும் நாம் சேர்த்து யோசிக்கலாம். பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. டம்ளருக்குப் பயப்படுபவர், முத்தத்துக்குப் பயப்பட வேண்டிய நேரத்தில் அதை மறந்துவிடுவார். ஹெர்பீஸ் உள்ளவரின் துண்டைத் தனியாகக் கொடியில் போடுகிற வீட்டில்தான், உதட்டுப் புண்ணோடு வந்த மாமா குழந்தையை வாரி அணைத்து முத்தம் கொடுப்பார்.

இந்தத் தப்பான பயத்துக்கு நம் மண்ணில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. தேநீர்க் கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்த ஊர்கள் இவை. இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டங்கள் நம் காலம்வரை நடந்திருக்கின்றன. எச்சில், தீட்டு, தொடுகை பற்றிய பயம் இங்கே என்றைக்கும் வெறும் சுகாதாரப் பயமாக இருந்ததில்லை. யாரோடு உட்காரலாம், யாரைத் தள்ளி வைக்கலாம் என்பதற்கான சாக்காகவும் இருந்திருக்கிறது. அதனால் ஒரு நோயாளியின் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கும் கை "பாதுகாப்புக்குத்தான்" என்று சொன்னால், அந்தக் கை அதை எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிப் பரவாது என்று தெரிந்துகொள்வதை நான் பொது அறிவு என்று நினைக்கவில்லை. அது ஓர் அறக்கடமை.

இந்தப் பயம் உற்பத்தியானது நம்மிடம் மட்டும் இல்லை. 1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் டைம் இதழ் ஹெர்பீஸை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. நதானியேல் ஹாதோர்ன் 1850-இல் எழுதிய நாவலில் ஒரு பெண் நெஞ்சில் அணிய வேண்டியிருந்த அவமானக் குறியின் பெயரை இந்த நோய்க்குச் சூட்டியது. ஹெர்பீஸுக்கு உருப்படியாக வேலை செய்த மருந்தான அசைக்ளோவிர் அமெரிக்காவில் முதன்முதலில் அனுமதி பெற்றதும் அதே 1982-இல்தான். மருந்தும் அவமானமும் ஒரே வருஷத்தில் வந்தன. மருந்து மலிவாகிவிட்டது. அவமானத்தின் விலை இன்னும் இறங்கவில்லை.

*

ஹெர்பீஸ் குடும்பத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வைரஸும் இருக்கிறது. சின்னம்மையைக் கொண்டுவருவது அதுதான். அதுவும் இதே மாதிரி நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் திரும்ப எழுந்தால் அதற்கு அக்கி என்று பெயர். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் கிராமங்களில் உண்டு. காவி வைரஸை ஒன்றும் செய்யாது. அக்கி வந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போவதுதான் சரி. நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. அக்கி வந்தவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிக்கொண்டு குயவர் திண்ணையில் வெட்கமில்லாமல் உட்கார முடியும்.

அம்மை வந்தால் நம் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். கொப்புளத்துக்கு முத்து என்று பெயர் வைத்தார்கள். ஹெர்பீஸைவிடச் சின்னம்மை பல மடங்கு சுலபமாகப் பரவும், காற்றிலேயே வரும். அந்த வேப்பிலை ஓர் அறிவிப்பு. உள்ளே இது இருக்கிறது, வருகிறவர்கள் யோசித்து வாருங்கள் என்று தெருவுக்கே சொல்கிறது. வீட்டுக்காரர்களும் அதைச் செருகும்போது தலைகுனிவதில்லை. பார்ப்பவர்களும் "யார்கிட்ட இருந்து வந்துச்சு" என்று கேட்பதில்லை. அந்த வழக்கத்தில் குறைகளும் இருந்தன. ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று மருத்துவரிடம் போகாமல் இழந்த உயிர்கள் உண்டு. ஆனால் ஒரு தொற்றைப் பற்றி ஊருக்கே உண்மை சொல்லவும், சொன்னவரை அவமானப்படுத்தாமல் இருக்கவும் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதற்கு அது சாட்சி.

ஹெர்பீஸுக்கு வாசலில் வேப்பிலை கட்ட வேண்டியதில்லை. தெருவுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை. காற்றில் வராததை யாருக்கு எதற்கு அறிவிக்க வேண்டும்? தெரிய வேண்டியது தோல் தொடப்போகிற ஒருவருக்கு மட்டும்தான். அந்த ஒருவரிடம் சொல்வது எப்படி இருக்கும்?

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு ஹெர்பீஸ் இருக்கு. வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை வரும். வர்றப்ப பெரும்பாலும் எனக்கே தெரிஞ்சிடும், சில நாள் தெரியாமலும் இருக்கலாம். மாத்திரை எடுத்துக்கறேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன். சொன்னதுக்கு நன்றி."

இவ்வளவு போதும். கேட்டவர் போய்ப் படித்துவிட்டு, விசாரித்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லவும் செய்யலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. யாரையும் காதலிக்கச் சொல்லி அறம் கட்டாயப்படுத்தாது. ஆனால் தன்னை நம்பிச் சொன்னதை இன்னொரு காதுக்குக் கொண்டுபோக அவருக்கு உரிமை இல்லை. எங்கேயிருந்து வந்தது என்று குடைந்து கேட்கவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதற்கு முன், அந்த வீட்டில் கொடுத்த காப்பியை அவர் தாராளமாகக் குடிக்கலாம்.